வாஷிங்டன் தடுப்பூசி கோர்ட்: உள்ளே போய் வந்தவனின் ரிவ்யூ

ரைஸ் குக்கர், கார் சீட், நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் புதிதாகத் திறக்கிற மெஸ் என்று எதையும் விடாமல் ரிவ்யூ எழுதுகிற ஆள் நான். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. இருந்தாலும் அமெரிக்க அரசாங்கத்தின் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு நாள் ரிவ்யூ எழுதுவேன் என்று நினைத்ததில்லை. எங்கள் மகள் வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. அதிலிருந்து மாதம் ஒருவராவது, நண்பருக்கு நண்பர் என்று சொல்லிக்கொண்டு, போன் போட்டு விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் பேச முடியவில்லை. அதனால் இது.

நட்சத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்துக்கு ஐந்தில் நான்கு. இரண்டாவது வக்கீலம்மாவுக்கு ஐந்து. முதலில் போன வக்கீல் ஆபீஸுக்கு ஒன்று, அதுவும் வரவேற்பில் கொடுத்த காபிக்காக.

2019 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, ஒரு வயது முடிந்த கையோடு மகளுக்கு எம்எம்ஆர் ஊசி போட்டோம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. அன்று இரவு லேசான சூடு, அப்புறம் ஒன்றுமில்லை. மே மாதம் முதல் வாரத்தில் தொடையிலும் முதுகிலும் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. நடை பழகுகிற பிள்ளை, எங்காவது இடித்திருப்பாள் என்று விட்டுவிட்டோம். மே 8, புதன்கிழமை இரவு பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. எமர்ஜென்சிக்கு ஓடினோம். பிளேட்லெட் எண்ணிக்கை 6,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது.

டெங்கு பார்த்த ஊர்க்காரர்களுக்கு பிளேட்லெட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து அத்தை, அதாவது மனைவியின் அம்மா, போனில் முதலில் சொன்னது பப்பாளி இலைச் சாறு. எடிசனில் மே மாதம் பப்பாளி இலைக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் ஐடிபி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் பிளேட்லெட்டையே எதிரி என்று நினைத்து அழிப்பது. பிள்ளையின் கையில் கரடி படம் போட்ட பலகையைக் கட்டி, இரவு முழுக்க இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். எண்ணிக்கை 70,000 வரை ஏறியது, இரண்டு வாரத்தில் மறுபடி 18,000க்கு வந்தது. இன்னொரு தடவை ஏற்றினார்கள், அப்புறம் ஸ்டீராய்டு. ஆகஸ்டோடு மருந்தை நிறுத்தி, ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டிசம்பரில் 88,000. 2020 பிப்ரவரியில் 2 லட்சத்து 10 ஆயிரம். இப்போது நன்றாக இருக்கிறாள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு ஐடிபி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஏறக்குறைய 30,000 முதல் 40,000 பேருக்கு ஒருவருக்கு வரும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். தட்டம்மையே வந்தாலும் பிளேட்லெட் விழலாம், கூடவே இன்னும் மோசமான பலதும் வரலாம். இதை எங்களுக்குச் சொன்னது ரத்தவியல் டாக்டர். மகளுக்கு இரண்டாவது எம்எம்ஆர் போடுவதற்குப் பதில், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்தார், இருந்தது. மற்ற ஊசிகள் எல்லாம் நாள் தவறாமல் போட்டாயிற்று. தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஆள் தேடி வருகிறவர்களுக்கு இந்தப் பாரா போதும்.

இழப்பீடு கேட்கலாம் என்று சொன்னவர் ஆபீஸ் நண்பர். கேட்டவுடன் நான் செய்த தப்பு, நெடுஞ்சாலையில் ஆள் உயரத்துக்கு முகம் போட்டு போர்டு வைத்திருந்த ஒரு விபத்து வழக்கு ஆபீஸுக்குப் போனது. பெயர் வேண்டாம். கார் மோதினால் நல்லாவே செய்வார்களோ என்னவோ. எங்களிடம் மூன்றில் ஒரு பங்கு கமிஷன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஊசி கம்பெனி மேல் கேஸ் போடுகிறோம் என்றார்கள். பதினோரு மாதம் ஃபைல் அங்கே தூங்கியது. ‘அவசரம் ஒன்றுமில்லை, மைனர்தானே, பதினெட்டு வயது வரை கடிகாரம் ஓடாது’ என்று அங்கிருந்த இளம் வக்கீல் சொன்னார்.

கமிஷன், கம்பெனி மேல் கேஸ், கடிகாரம் என்று அவர்கள் சொன்ன மூன்றுமே தப்பு. அது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சட்டத்தை நானே உட்கார்ந்து படித்தபோது.

இந்தத் திட்டத்தில் வக்கீல் உங்கள் பணத்தில் பங்கு கேட்கக் கூடாது. வக்கீலுக்கான கூலியை கோர்ட் தனியாகத் தீர்மானித்து, திட்டத்திலிருந்தே கொடுக்கிறது. நீங்கள் தோற்றாலும், நல்லெண்ணத்தோடு, நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு என்றால் கொடுக்கும். கம்பெனி மேல் நேரடியாகப் போகவும் முடியாது. ஆயிரம் டாலருக்கு மேல் கேட்பதானால் முதலில் இந்தத் திட்டத்தில் மனுப் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டு வெளியே வந்தாலும், தடுப்பூசியின் வடிவமைப்பே குறை என்று கம்பெனியை இழுக்க முடியாது என்று 2011இல் புரூஸ்விட்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மூன்றாவதுதான் பயங்கரம். நியூ ஜெர்சியில் சாதாரண விபத்து வழக்குக்கு மைனருக்குக் கடிகாரம் நிற்கும். இங்கே நிற்காது. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம், கைக்குழந்தையாக இருந்தாலும் அதேதான். மரணம் என்றால் இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம், முதல் அறிகுறியிலிருந்து நான்கு வருடம், இரண்டையும் தாண்டக் கூடாது. நான் படித்த அன்று எங்களுக்கு ஏழு மாதம் மிச்சம் இருந்தது.

திட்டம் எப்படி வந்தது என்பதையும் அன்றுதான் படித்தேன். எண்பதுகளில் இங்கே தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் முத்தடுப்பூசி மேல் ஏகப்பட்ட வழக்குகள். கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பை விட்டு விலக, ஊசிக்கே தட்டுப்பாடு வரும் நிலை. 1986 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம்தான் இது, திட்டம் 1988 அக்டோபரில் தொடங்கியது. தப்பு யார் மேல் என்று பார்க்காமல் கொடுப்பது. பணம் கம்பெனியின் லாபத்திலிருந்தோ டாக்டரின் பையிலிருந்தோ வருவதில்லை. ஒவ்வொரு ஊசியிலும் அது தடுக்கிற நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. எம்எம்ஆர் என்றால் மூன்று நோய், 2 டாலர் 25 சென்ட். வருடாவருடம் நான் மருந்துக்கடையில் போட்டுக்கொள்கிற ஃப்ளூ ஊசியிலிருந்து முக்கால் டாலர் அந்த உண்டியலுக்குத்தான் போகிறது. இதுவரை ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும், போட்ட ஊசிகளின் கணக்கில் பார்த்தால் பத்து லட்சம் டோஸுக்கு ஒருவர் என்கிற அளவில்தான் இழப்பீடு போகிறது. லண்டனில் இருக்கும் என் மச்சான் அங்கே எப்படி என்று சொன்னான். 60 சதவீதம் ஊனம் என்று நிரூபித்தால் 1,20,000 பவுண்டு, அவ்வளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அங்கே இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது.

இரண்டாவது வக்கீலைக் கண்டுபிடித்தது கோர்ட்டின் இணையதளத்தில். தடுப்பூசி வழக்கு நடத்துகிறவர்களின் பட்டியலையே அங்கே போட்டிருக்கிறார்கள், அதுவே எனக்கு ஆச்சரியம். வழக்கு நடப்பது வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில். ஆனால் நாம் போக வேண்டிய வேலை அநேகமாக இல்லை. நான் அந்தக் கட்டடத்தை இன்று வரை பார்த்ததில்லை. வக்கீலும் நம் ஊரில் இருக்க வேண்டியதில்லை. எங்கள் வக்கீலம்மா வேறு மாநிலம். அவரை நேரில் பார்த்ததே இல்லை, அவர் வீட்டு நாய் குரைப்பது மட்டும் அத்துப்படி.

முதல் போனிலேயே அவர் இரண்டு கேள்வி கேட்டார். தோலில் முதல் ரத்தப் புள்ளி எந்தத் தேதி? கடைசியாகக் குறைந்த எண்ணிக்கை எந்தத் தேதி?

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், வழக்கே இந்த இரண்டு தேதியில்தான் நின்றது. சட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு எத்தனை நாளுக்குள் வந்தால், ஊசியால்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அதில் இருக்கும். ரோட்டா வைரஸ் மருந்துக்குக் குடல் செருகல், 1 முதல் 21 நாள். ஃப்ளூ ஊசிக்கு, கை கால் செயலிழக்க வைக்கிற கியான் பாரே நோய், 3 முதல் 42 நாள். தட்டம்மை சேர்ந்த ஊசிக்கு ஐடிபி, 7 முதல் 30 நாள். இந்த ஜன்னலுக்குள் விழுந்தால் நிரூபிக்கும் பாரம் பாதி இறங்கிவிடும். வெளியே விழுந்தால் ‘பட்டியலுக்கு வெளியே’ என்ற கணக்கு. அப்புறம் 2005இல் வந்த ஆல்தன் தீர்ப்பு சொன்ன மூன்றையும் காட்ட வேண்டும்: இந்த ஊசி இந்த நோயைக் கொண்டுவர முடியும் என்கிற மருத்துவக் காரணம், இந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது என்கிற தொடர்ச்சி, பொருத்தமான கால இடைவெளி. இரண்டாவது தேதி ஏன் என்றால், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் படுத்து ஆபரேஷனும் நடந்திருக்க வேண்டும். மரணம் தவிர, இரண்டும் இல்லையென்றால் மனுவே நிற்காது.

எமர்ஜென்சி ரிப்போர்ட்டில் நர்ஸ் டைப் செய்திருந்தது: ‘3 நாட்களாக உடலில் ரத்தக்கட்டு, பெற்றோர் கூறியபடி.’ அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மணி பதினொன்று. மகள் மனைவியின் தோளில், வாயில் ரத்தம் தோய்ந்த துணி. நர்ஸ் எத்தனை நாளாக என்று கேட்டார். மனைவி ‘சண்டேலருந்து’ என்றாள். ஞாயிற்றுக்கிழமைதான் முதுகில் பெரிய நீலத்தைப் பார்த்து நாங்கள் பயந்தது. நர்ஸ் விரலை மடக்கி எண்ணி 3 என்று தட்டினார். மே 8இலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் மே 5. ஊசி போட்டு 33ஆம் நாள். ஜன்னல் மூன்று நாள் முன்பே சாத்தியாகிவிட்டது.

வக்கீலம்மா போன் கேலரியைத் தேடச் சொன்னார். ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, மகள் கவுன் போட்டு சோபாவைப் பிடித்து நிற்கிற போட்டோ. மனைவி அதை அன்றே ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் முட்டிக்குக் கீழே சிவப்பாக ஊசிமுனைப் புள்ளிகள். கீழே அத்தையின் வாய்ஸ் மெசேஜ், ஒன்பது நொடி: ‘ஏட்டி, பிள்ளை கால்ல என்ன செவப்பா புள்ளி புள்ளியா? எறும்பு கடிச்சிட்டா?’

26ஆம் நாள். நானும் மனைவியும் அந்த மெசேஜை இருபது தடவையாவது கேட்டிருப்போம்.

அதைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்கினோம். ‘ஏட்டி’யை எப்படிப் போடுவது என்று அவர் என்னிடமே போன் செய்து கேட்டார். கடைசியில் ‘மகளே’ என்று போட்டார். பத்து மாதம் கழித்து அரசாங்கத் தரப்பின் பதில் வந்தது. ரூல் 4(சி) ரிப்போர்ட் என்பார்கள். எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலர், அவருக்காக வாதாடுவது நீதித் துறை வக்கீல்கள். நாகரிகமாகத்தான் எழுதியிருந்தார்கள், பிள்ளைக்கு நேர்ந்ததற்கு ஒரு வரி வருத்தமும் இருந்தது. அப்புறம் விஷயம்: போட்டோ தெளிவாக இல்லை; குழந்தையின் பாட்டியே அதை எறும்புக்கடி என்றுதான் கருதியிருக்கிறார்; தவிர, ஏப்ரல் கடைசியில் டேகேரில் கை, கால், வாய்ப் புண் நோய் பரவி, இந்தக் குழந்தைக்கும் லேசாக வந்ததாக டாக்டர் குறிப்பு இருக்கிறது; வைரஸ் தொற்றால் பிளேட்லெட் குறைந்திருந்தால் அது பட்டியலில் சேராது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்பது அப்புறம் புரிந்தது. டெஸ்டிங்காரன் மூளை.

ஆறு மாதக் கணக்கு அதைவிட மெல்லிய நூலில் தொங்கியது. மே 8இலிருந்து ஆறு மாதம் என்றால் நவம்பர் 8. அதற்குப் பிறகு குறைந்த எண்ணிக்கை காட்டும் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான், டிசம்பர் 3இல் எடுத்த 88,000. அந்தப் பரிசோதனைக்கு நாங்கள் போகாமல் இருக்கப் பார்த்தோம். பிள்ளை ஓடியாடுகிறாள், எதற்கு மறுபடி குத்துவது என்று. ரத்தவியல் ஆபீஸ் நர்ஸ் இரண்டு தடவை போன் போட்டு இழுத்து வரவைத்தார். அவருக்கு இதெல்லாம் நடந்தது தெரியுமா என்று தெரியவில்லை.

ஆவணம் சேகரிப்பதைப் பற்றி ஒன்று. பிறந்ததிலிருந்து எல்லா ரெக்கார்டும் வேண்டும். பாதிப்பு வந்த நாளிலிருந்து மட்டும் என்றால் ஏற்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிகளுக்காக ரெக்கார்டு அனுப்பும் ஒரு வெளி நிறுவனம் எங்களை நான்கு மாதம் அலைக்கழித்தது. முதலில் வேறொரு பிள்ளையின் ஃபைல் வந்தது, அப்புறம் எங்களுடையதே பாதிப் பக்கங்கள் தலைகீழாக வந்தது. இதற்கு ஐந்தில் ஒன்று கூட அதிகம், ஆனால் பூஜ்யம் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. மனுப் போடும் கட்டணம் எங்களுக்கு 402 டாலர் ஆனது, இப்போது 405.

வேகம்? 2021 நவம்பரில் மனு, 2024 அக்டோபரில் செக். இங்கே ஸ்பெஷல் மாஸ்டர் என்று அழைக்கப்படும் நீதிபதிகள் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, இன்னும் அதே எட்டுதான். வலி, வேதனைக்கான உச்சவரம்பு 2,50,000 டாலர், அது 1986இல் போட்டது, விலைவாசியோடு ஏறவில்லை. நான் வெட்டிய ஒரு நட்சத்திரம் இந்த இரண்டுக்கும். எங்கள் வழக்கைப் பார்த்த ஸ்பெஷல் மாஸ்டர் மேல் குறை இல்லை. போனில் நடந்த ஒரு கூட்டத்தில் எங்களையும் கேட்க விட்டார்கள். கண்டிப்பான பள்ளித் தலைமையாசிரியை மாதிரி பேசினார். இரு தரப்புக்கும் பலவீனம் எங்கே என்று சொல்லி, உட்கார்ந்து பேசுங்கள் என்றார்.

பேரம் ஏழு வாரம் நடந்தது. எல்லாம் கடிதத்தில்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நாங்கள் ஒரு எண், அவர்கள் ஒரு எண். வக்கீலம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றே: ‘விசாரணைக்குப் போகலாம், நான் தயார். இன்னும் இரண்டு வருடம் ஆகலாம். உங்கள் பாட்டியின் எறும்பு ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காது.’ கிடைத்த தொகையை இங்கே சொல்ல மாட்டேன். இரண்டு புது டொயோட்டா கார் வாங்கலாம், இன்ஷூரன்ஸ் கட்ட மிச்சம் இருக்காது. வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு எதிர்காலச் செலவைத் திட்டமிட்டு, மாதாமாதம் வருகிற மாதிரி ஏற்பாடு செய்வார்கள். நாங்கள் அந்த வரிசையில் இல்லை, அதற்கு முருகனுக்கு நன்றி.

ஒப்பந்தப் பத்திரம் ஜூன் மாதம் வந்தது. ஏழு பக்கம். சமையலறை மேஜையில் வைத்து மனைவி படித்தாள். ஆறாவது பத்தியில் நின்றுவிட்டாள். எம்எம்ஆர் ஊசியால் குழந்தைக்கு ஐடிபியோ வேறெந்தப் பாதிப்போ வந்தது என்பதை எதிர்மனுதாரர் மறுக்கிறார் என்று இருந்தது. அதற்கு ஒரு பத்தி தள்ளி, தத்தம் நிலைப்பாட்டை விடாமலே இரு தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொள்கின்றன என்று இருந்தது. ‘இல்லைன்னு சொல்லிக்கிட்டே பணம் குடுக்கறாங்க?’ என்றாள். ஆமாம். திட்டம் கொடுக்கிற இழப்பீட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படித்தான் போகிறது. ஊசிதான் காரணம் என்று சுகாதாரத் துறை முடிவுக்கு வராமலே செய்துகொள்கிற சமரசம். இதை வைத்துக்கொண்டு ‘பணம் கொடுத்தார்களே, அப்போ ஒத்துக்கொண்டார்கள்’ என்று பேசுகிறவர்கள் அந்தப் பத்தியைப் படித்ததில்லை. ‘ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நிரூபணம் ஆயிடுச்சு’ என்று சொல்கிறவர்களும் படித்ததில்லை. எங்களுக்கே எது என்று தெரியாது. எனக்கு ஊசி என்றுதான் தோன்றுகிறது, அந்தப் போட்டோவை நான் பார்த்தவன். மனைவிக்கு டேகேர் வைரஸாக இருக்கலாம் என்று சந்தேகம். ரத்தவியல் டாக்டர் தோளைக் குலுக்கினார். இந்தச் சேவையிடம் உண்மையைக் கேட்டு யாரும் போகாதீர்கள். அதற்கு விசாரணை வரை போக வேண்டும், அங்கேயும் கிடைப்பது ஒருவரின் தீர்மானம்தான். ஊசியால் ஆட்டிசம் வந்தது என்று போட்ட வழக்குகளில் அப்படித்தான், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களுக்காக மாதிரி வழக்குகளை எடுத்து மாதக்கணக்கில் ஆதாரம் பார்த்து, 2009லும் 2010லும் ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று தெளிவாகத் தீர்ப்பே எழுதினார்கள். எங்கள் மாதிரிச் சின்ன வழக்கில் யாரும் அவ்வளவு தோண்டப் போவதில்லை.

மனைவி இரண்டு நாள் கையெழுத்துப் போடவில்லை. நர்ஸிடம் ‘சண்டே’ என்று சொன்னது தான்தானே என்ற நினைப்பு அவளுக்கு. மூன்றாம் நாள் காலை காபி கொதிக்கும்போது பேனா கேட்டாள். எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடாது. மைனர் என்பதால், பிள்ளையின் சொத்துக்கு நான்தான் கார்டியன் என்று மாநிலத்திடம் உத்தரவு வாங்கிக் காட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் அது கவுண்டி சரோகேட் ஆபீஸ். பெற்ற அப்பனே என்றாலும், பிள்ளையின் பணத்தைத் தொட அப்பனுக்கு உரிமை இல்லை என்பதில் அவர்கள் கறார். பதினெட்டு வயது வரை அது அங்கே அவள் பேரில் கிடக்கும். 2036இல் அவள் எடுத்துக்கொள்வாள். வக்கீலம்மாவின் கூலிக்குத் தனி மனு, தனி உத்தரவு. அவர் போட்ட கணக்கை எங்களுக்கும் அனுப்பினார். ஆறு ஆறு நிமிடமாக வெட்டி எழுதியிருந்தது. நான் நள்ளிரவில் அனுப்பிய ஒரு நீண்ட ஈமெயிலைப் படிக்க அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. பதில் இரண்டு வரிதான் வந்தது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். முடிவு பொதுவில் வெளியாகும். பிள்ளையின் பெயர் முதலெழுத்துகளாக இருக்கும், பெற்றோர் பெயர் முழுசாக இருக்கும். மறைக்க வேண்டியது இருந்தால் 14 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாங்கள் கவனிக்கவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் புளியோதரை வாங்கும் வரிசையில், அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் தொகையைச் சரியாகச் சொல்லி வாழ்த்துத் தெரிவித்தார்.

போன ஜனவரியில் அத்தை வந்திருந்தார். வழக்கு முடிந்த கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, ‘அப்போ ஊசியாலதானா, இல்லையா?’ என்றார். ஒரு மணி நேரம் சொன்னதற்கு இதுதான் கேள்வி. நான் பதில் சொல்லாமல், உங்கள் குரலும் சர்க்கார் ரெக்கார்டில் இருக்கிறது அத்தை என்று சொல்லி அந்த ஒன்பது நொடியைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை போடச் சொன்னார்.

‘எறும்புன்னா சொல்லியிருக்கேன்?’

‘ஆமா அத்தை.’

‘புள்ளியைப் பாத்தும் எறும்புன்னு சொல்லியிருக்கேனே. அதை அழிச்சிருங்க மாப்ள.’

அழிக்க முடியாது அத்தை, எக்ஸிபிட் நம்பர் போட்டாயிற்று என்றேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு, கவுனைத் தூக்கி, முட்டிக்குக் கீழே கையால் தடவிப் பார்த்தார். அவள் கூசுகிறது என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.